பாட்டு வந்தது, கதை எங்கே?

சேலம் ஃபேர்லேண்ட்ஸ் பகுதியிலிருந்து புறப்பட்டு, அஸ்தம்பட்டியைக் கடந்து ஏற்காடு செல்லும் சாலையில் போவோர், வழியில் ஒரு பழைய நுழைவாயில் வளைவைக் காண்பர். அதன் பின்னே இருந்த படப்பிடிப்புக் கூடங்கள் இன்றில்லை. ஆயினும் அந்த வளைவின் வழியே ஒரு காலத்தில் நடிகர்களும் புலவர்களும் மட்டுமல்லர், ஆர்மோனியப் பெட்டியும் மிருதங்கமும் ஏந்திய இசைவாணர்களும் நாள்தோறும் உட்சென்றனர். பாடப் பிறந்த அவர்கள், அங்கே கதை சொல்லக் கற்றனர் என்று கூறுவோர் உண்டு. அவர்கள் கதை சொல்லத் தெரிந்தவர்களாகவே அந்த வாயிலுக்குள் நுழைந்தனர் என்பதே நமது கருத்து. அதனை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

இவ்வாய்வுக்கு நம்மைத் தூண்டியது ஃபேர்லேண்ட்ஸில் உள்ள ஓர் அன்பரின் இல்லத்தில் நாம் கண்ட சிறு நிகழ்ச்சியே. அவ்வீட்டு மூதாட்டியார் யூசுப் நபி கிஸ்ஸாவைத் தம் நினைவிலிருந்தே ஓதக் கூடியவர். பேரப்பிள்ளைகள் அதனைக் கைப்பேசியில் பதிந்துகொள்ள விரும்பினர். அம்மையார் சிறிது பாடுவார், நிறுத்துவார், நடந்ததை உரைநடையில் விரித்துச் சொல்வார், மீண்டும் பாடுவார். பொறுமை இழந்த ஓர் இளைஞர், "நன்னிமா, பேச்ச விட்டுட்டுப் பாட்ட மட்டும் பாடுங்க" என்றார். அம்மையார் சிரித்துக்கொண்டே, "பாட்ட மட்டும் வாங்கிட்டுப் போனா, கதைய யாருப்பா சொல்றது?" என்று கேட்டார். அக்கேள்விக்கு அங்கிருந்த எவராலும் விடை கூற இயலவில்லை; நம்மாலும் இயலவில்லை.

கதை சொன்ன இசை

தமிழகத்தில் இசையும் கதையும் ஒரு வயிற்றுப் பிள்ளைகள். வில்லுப்பாட்டு, உடுக்கைப் பாட்டு, தெருக்கூத்து ஆகிய யாவும் கதைக்காகப் பிறந்த இசை வடிவங்களே. தஞ்சையில் மராட்டியர் ஆட்சியின் தொடர்பால் வந்த கீர்த்தன மரபைத் தமிழகத்து இசையோடு இணைத்துக் கதாகாலட்சேபம் என்னும் கலைக்கு வடிவம் தந்தவர் தஞ்சாவூர் கிருஷ்ண பாகவதர். 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் நிகழ்ந்தது இது. ஒருவரே பாடவும், பேசவும், நடித்துக் காட்டவும் வேண்டும். எந்த இடத்தில் பேச்சு நின்று பாட்டுத் தொடங்க வேண்டும், எந்த உணர்ச்சிக்கு எந்த இராகம் ஏற்கும் என்பதை அவர் அறிந்திருக்க வேண்டும். குரல் இனிமையாயிருந்தும் இதனை அறியாத பாகவதர் முன் கூட்டம் நிலைத்து அமர்ந்ததில்லை.

நம்மவரிடையேயும் இத்தகைய செல்வம் குறைவின்றி இருந்தது. 1572-ஆம் ஆண்டில் மதுரையில் அரங்கேறிய வண்ணப் பரிமளப் புலவரின் ஆயிர மசலா, வினாவும் விடையுமாகச் செல்லும் நூல். மசலாவைத் தொடர்ந்து நாமா, கிஸ்ஸா, படைப்போர், முனாஜாத்து என்று தமிழுக்குப் புதிய வடிவங்களை முஸ்லிம் புலவர்கள் அளித்தனர். உமறுப் புலவர் 5,027 பாடல்களில் சீறாப்புராணத்தை இயற்றினார். அது 1842-ஆம் ஆண்டில் செய்கு அப்துல் காதிறு நயினார் லெப்பை ஆலிம் அவர்களின் முயற்சியால் அச்சேறியது. இவற்றுள் பல, ஏட்டிலே கிடக்கவென்று எழுதப்பட்டவை அல்ல; இராகத்தோடு ஓதவும் கூடியிருந்து கேட்கவும் எழுதப்பட்டவை. பெண்கள் தம் இல்லங்களில் இவற்றை ஓதி, ஓதக் கேட்டு, தலைமுறை தலைமுறையாகக் காத்து வந்தனர்.

எனவே பாகவதர் மேடையும் நம் வீட்டு முற்றமும் ஒரே கல்வியைத்தான் அளித்தன. இரண்டிலும் பாட்டு தனித்து நின்றதில்லை. கதைக்கு இடையே, கதைக்காக நின்றது.

மூன்று நிமிடம் என்னும் வேலி

1902-ஆம் ஆண்டு நவம்பர் மாதம் கல்கத்தாவில் இசைத்தட்டுக்காகப் பாடினார் கௌஹர் ஜான் என்னும் புகழ்மிக்க பாடகியார். இந்திய இசைத்தட்டு வரலாற்றின் தொடக்க நாட்கள் அவை. மணிக்கணக்கில் விரித்துப் பாட வேண்டியதை ஏறத்தாழ மூன்று நிமிடத்தில் அடக்கிப் பாடி, இறுதியில் தம் பெயரையும் உரக்கச் சொல்லி முடித்தார். தட்டின் ஒரு பக்கத்தில் அவ்வளவே கொள்ளும். அன்று போடப்பட்ட அந்த வேலி, நம் நாட்டு இசையின் போக்கையே மாற்றிவிட்டது. நீண்ட கதையிலிருந்து ஒரு பாட்டை மட்டும் பிரித்தெடுத்து விற்கலாம் என்னும் நிலை அதனால் பிறந்தது.

ஆயினும் கதை அத்துடன் தோற்றுவிடவில்லை. நாடக மேடைகளில் புகழ்பெற்றிருந்தோர் தம் நாடகங்களைப் பல தட்டுகள் கொண்ட தொகுதிகளாகப் பாடியும் பேசியும் பதிந்தனர். ஒரு தட்டு முடிந்ததும் அடுத்த தட்டை வைத்து, ஊசியை மாற்றி, கதையைத் தொடர்ந்து கேட்ட குடும்பங்கள் பலவாகும். பேசும்படம் வந்தபோது கதை மேலும் பரவியது. 1931-ஆம் ஆண்டில் வெளிவந்த 'காளிதாஸ்' முதல், நன்றாகப் பாடுவோரே கதைத் தலைவரும் தலைவியும் ஆயினர். கொட்டகை வாயிலில் சிறிய விலைக்கு விற்ற பாட்டுப் புத்தகத்தில் பாடல்களோடு கதைச் சுருக்கமும் இருக்கும். முடிவைச் சொல்லாமல், மீதியை வெள்ளித்திரையில் காண்க என்று நிறுத்தியிருப்பார்கள். பின்னர் வானொலியில் ஒலிச்சித்திரம் வந்தது. ஒரே கதை மேடையிலும், தட்டிலும், தாளிலும், திரையிலும், காற்றிலுமாக ஐந்து உடைகள் அணிந்து உலவிற்று.

சேலத்துக் கூடத்தில்

இப்போது அந்த ஏற்காடு சாலை வளைவுக்குத் திரும்புவோம். திருச்செங்கோட்டில் பிறந்து, இங்கிலாந்தின் லீட்ஸ் நகரில் நெசவுத் தொழில்நுட்பம் பயின்று வந்த டி. ஆர். சுந்தரம், 1935-ஆம் ஆண்டில் மாடர்ன் தியேட்டர்ஸ் நிறுவனத்தைத் தொடங்கினார். 1937-இல் அதன் முதற்படமான 'சதி அகல்யா' வெளியாயிற்று. மறு ஆண்டில் மலையாளத்தின் முதற் பேசும்படமான 'பாலன்' இங்கிருந்துதான் வந்தது. பின்னாளில் இந்நிறுவனம் எடுத்த படங்கள் நூற்றுக்கும் மேற்பட்டவை. படப்பிடிப்பும் ஒலிப்பதிவும் ஒரே மதிலுக்குள் நடந்தமையால், பாடலாசிரியரும் இசையமைப்பாளரும் வசனகர்த்தாவும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துப் பணி செய்தனர்.

அங்கு வந்தவருள் ஒருவர் ஜி. ராமநாதன். திருச்சிக்கு அருகேயுள்ள பிச்சாண்டார்கோவிலில் பிறந்தவர். இவருடைய தமையனார் சுந்தர பாகவதர் கதாகாலட்சேபம் நிகழ்த்துபவர். தம்பி அவருக்கு ஆர்மோனியம் வாசிப்பவர். தமையனார் கதையை எங்கே தாழ்த்துகிறார், எங்கே உயர்த்துகிறார், கேட்போரின் கண்ணீரை எந்தச் சொல்லுக்காகக் காத்து வைக்கிறார் என்பதைப் பெட்டியின் பின்னே அமர்ந்து கவனிக்கும் வாய்ப்பு அவருக்குக் கிடைத்தது. ஓர் இசையமைப்பாளருக்கு இதனினும் சிறந்த பள்ளி வேறு உண்டோ?

அப்பள்ளியின் பயனை 1950-ஆம் ஆண்டில் வெளிவந்த 'மந்திரிகுமாரி' படத்தில் காணலாம். குண்டலகேசி காப்பியக் கதையைத் தழுவி மு. கருணாநிதி எழுதிய மேடை நாடகமே அப்படம் ஆயிற்று. கணவன் தன் மனைவியை மலையுச்சியிலிருந்து தள்ளிக் கொல்லக் கருதி, அன்பொழுகப் பாடி அழைத்துச் செல்கிறான். அவளோ ஒன்றும் அறியாதவளாய் உடன் பாடிச் செல்கிறாள். காட்சி கொலையை நோக்கி நடக்க, இசையோ உல்லாசத்தை நோக்கி நடக்கிறது. திருச்சி லோகநாதனும் ஜிக்கியும் பாடிய அப்பாட்டில் அச்சமூட்டும் ஒலி எதுவும் இல்லை. அதனாலேயே கேட்போர் நெஞ்சு நடுங்குகிறது. அவன் கருத்தை அறிந்த பின், இறுதியாக வலம் வர இசைவு பெற்று, அவள் அவனைத் தள்ளிவிடுகிறாள். அப்பாட்டைத் தனியே கேட்போருக்கு அது இனிய காதற்பாட்டு. கதையோடு கேட்போருக்கு அது ஒரு சூழ்ச்சி. பாட்டின் பாதிப் பொருள் பாட்டுக்கு வெளியே, கதையில் இருக்கிறது. கதை பிரிந்தால் அந்தப் பாதியும் பிரிந்துவிடும்.

அதே ஆண்டில் பாரதிதாசனின் 'எதிர்பாராத முத்தம்' என்னும் கதைக் கவிதை 'பொன்முடி' என்ற படமாயிற்று. அதற்கும் இசை ஜி. ராமநாதனே. டி. ஆர். சுந்தரமும் ஜி. ராமநாதனும் 1963-ஆம் ஆண்டிலேயே, ஒருவர் பின் ஒருவராக மறைந்தனர்.

வேலி தாண்டியோர்

பாடவந்தவர் கதைக்கு உரியவராகவும் ஆனதற்கு வேறு சான்றுகளும் உண்டு. 'காளிதாஸ்' படத்தின் தலைவியான டி. பி. ராஜலட்சுமி, திருவையாற்றில் பிறந்து நாடக மேடையில் பாடி வளர்ந்தவர். அவர் 'கமலவல்லி' என்றொரு புதினம் எழுதினார். அதனையே 1936-ஆம் ஆண்டில் 'மிஸ் கமலா' என்னும் படமாகத் தாமே இயக்கினார். வில்லிசை வழங்கும் நாஞ்சில் நாட்டிலிருந்து வந்த என். எஸ். கிருஷ்ணன், 1949-இல் வெளிவந்த 'நல்லதம்பி' படத்தில், கல்வியால் உயரும் ஓர் ஏழைச் சிறுவனின் கதையைக் 'கிந்தனார்' என்னும் காலட்சேபமாக நிகழ்த்தினார். பழைய வடிவம், புதிய கதை, புதிய ஊடகம். மூன்றும் அதில் ஒன்றாயின.

சேலத்தில் உருவாகி 1956-ஆம் ஆண்டில் வெளிவந்த, தமிழின் முதல் முழுநீள வண்ணப்படமான 'அலிபாபாவும் 40 திருடர்களும்' படத்தில் நடித்தும் பாடியும் சிறந்தவர் பி. பானுமதி. பாட்டோடு நில்லாமல் படம் இயக்கினார், இசையமைத்தார், தெலுங்கில் மாமியாரை நடுவாக வைத்து எழுதிய நகைச்சுவைச் சிறுகதைகளால் எழுத்தாளராகவும் புகழ் பெற்றார். அவர் 2005-ஆம் ஆண்டில் மறைந்தார்.

கடல் கடந்தும் இவ்வாறே. எகிப்து நாட்டுச் சிற்றூர் இமாம் ஒருவரின் மகளாகப் பிறந்து, தந்தையாரோடு சென்று சமயப் பாடல்கள் பாடிய உம்மு குல்தூம், 1936 முதல் 1947 வரையிலான காலத்தில் ஆறு படங்களில் நடித்தார். அவருடைய வானொலிக் கச்சேரி நேரத்தில் அரபு நாட்டுத் தெருக்கள் வெறிச்சோடும் என்பர். அவரும் வேலியைத் தாண்டியவரே.

நம் பாட்டின் பயணம்

இனி, மூதாட்டியாரின் கேள்விக்கு வருவோம். மற்றவர் கதையும் பாட்டுமாகப் புதிய ஊடகங்களுக்குள் சென்றபோது, நாம் எதைக் கொண்டு சென்றோம்?

பாட்டைக் கொண்டு சென்றோம், அதில் ஐயமில்லை. 2015-ஆம் ஆண்டில் நம்மைப் பிரிந்த இசைமுரசு நாகூர் ஈ. எம். ஹனிபா, இசைத்தட்டிலும், ஒலிநாடாவிலும், அரசியல் மேடையிலும், 'குலேபகாவலி', 'பாவ மன்னிப்பு' முதலிய திரைப்படங்களிலும் ஒலித்த குரலுக்கு உரியவர். சமய எல்லை கடந்து தமிழர் யாவரும் கேட்ட குரல் அது. ஆனால் அவை பெரும்பாலும் தனிப்பாடல்களே. கிஸ்ஸாவின் நெடுங்கதை, பேச்சும் பாட்டும் மாறி மாறி வரும் அந்தப் பழைய அமைப்போடு, தட்டிலோ நாடாவிலோ பரவலாக ஏறவில்லை.

இதற்குக் காரணங்கள் உண்டு. எவரையும் குறை கூறுவது நம் நோக்கமன்று. நபிமார்களை நடித்துக் காட்டுதல் நம் மரபில் இல்லை. ஆகவே நாடக மேடையும் திரையும் அக்கதைகளுக்கு அடைபட்டன. கிஸ்ஸா ஓதிய பெண்கள் வீட்டு முற்றத்தில் ஓதினரே அன்றி மேடைக்கு வரவில்லை. இசைத்தட்டு நிறுவனங்களோ மேடையில் பெயர் பெற்றவரையே தேடின. நூல்களுள் பல அரபுத்தமிழ் எழுத்தில் இருந்தன. அவ்வெழுத்தைப் படிக்கத் தெரிந்தோர் குறையக் குறைய அந்நூல்களும் பெட்டிக்குள் அடங்கின. இவை மூன்றும் உண்மையே. எனினும் முதற்காரணம் உருவத்தைப் பற்றியது; குரலைப் பற்றியதன்று. வானொலிக்கும் ஒலிநாடாவுக்கும் உருவம் தேவையில்லை. ஓதும் ஒரு குரல் போதும். அந்த வாயில் நமக்குத் திறந்தேயிருந்தது. நாம் நுழையவில்லை என்பதே நேர்மையான விடை.

நுழைந்தவர் ஒருவர் பெயரை இங்குச் சொல்லாமல் விடலாகாது. அவர் கவி கா. மு. ஷெரிப். 1914-ஆம் ஆண்டில் பிறந்த அவர், இதே சேலத்தில் மாடர்ன் தியேட்டர்ஸ் நிறுவனத்தில் பாடலாசிரியராகப் பணிபுரிந்தார். 'மந்திரிகுமாரி' படத்தில் மருதகாசியோடு அவரும் பாடல்கள் எழுதினார். இளைஞராக இருந்த கருணாநிதி அந்நிறுவனத்திற்கு வர உறுதுணையாக நின்றவரும் அவரே என்பர். கதைக்குள் பாட்டை எவ்வாறு பொருத்துவது என்பதைத் திரைக்கூடத்தில் நடைமுறையாகக் கண்ட அக்கவிஞர், அத்துடன் நிற்கவில்லை. சீறாப்புராணத்தைக் கையிலெடுத்து, ஊர் மேடைகளில் தொடர்ந்து சொற்பொழிவாற்றினார்; அவை நூல்களாகவும் வந்தன. பாட்டை மட்டும் பாடிப் புகழ் பெறும் வாய்ப்பு இருந்தும், கதையைச் சொல்லும் பொறுப்பைத் தாமே மேற்கொண்டார். 1994-ஆம் ஆண்டில் அவர் மறைந்தார். அவர் காட்டிய வழி இன்றும் இருக்கிறது; செல்வோர்தாம் குறைவு.

ஒரு நாட்குறிப்பு

அலிபாபாவின் கதையை நாம் முன்னரே குறிப்பிட்டோம். அக்கதை சேலத்துக்கு வந்த வரலாறு நமக்கொரு பாடமாகும். ஆயிரத்தொரு இரவுகளின் பழைய அரபுப் படிகளில் அக்கதை காணப்படவில்லை. சிரியா நாட்டு அலெப்போ நகரைச் சேர்ந்த ஹன்னா தியாப் என்னும் இளைஞர், 1709-ஆம் ஆண்டில் பாரிசு நகரில் அந்துவான் கலான் என்னும் பிரெஞ்சு அறிஞருக்கு அதனை வாய்மொழியாகச் சொன்னார். கலான் அதன் சுருக்கத்தைத் தம் நாட்குறிப்பில் எழுதி வைத்தார். பின்னர் விரித்து நூலாக்கினார். அங்கிருந்து அது உலக மொழிகளுக்கும், நாடக மேடைகளுக்கும், இறுதியில் ஏற்காடு சாலைக் கூடத்துக்கும் வந்து வண்ணப்படமாயிற்று.

அலெப்போ இளைஞர் சொன்னபோது, சுவையான பகுதி மட்டும் போதும் என்று கலான் கருதியிருந்தால், குகையைத் திறக்கும் மந்திரச் சொல் ஒன்றே மிஞ்சியிருக்கும். குகை யாருடையது, உள்ளே சென்றவன் ஏன் மாட்டிக்கொண்டான், வீட்டைக் காத்த பணிப்பெண் யார் என்பதெல்லாம் மறைந்திருக்கும். அவர் கதையைக் கேட்டார், முழுவதும் கேட்டார், அன்றே குறித்துக்கொண்டார். பெருமுயற்சி என்று சொல்ல அதில் ஒன்றுமில்லை. ஆனால் அது அன்று நிகழாதிருந்தால், பிறகு எவராலும் ஈடு செய்திருக்க முடியாது.

இன்று நம் ஒவ்வொருவர் கையிலும் ஒலிப்பதிவுக் கருவி இருக்கிறது. மூன்று நிமிட வேலி இல்லை. மணிக்கணக்கில் பதியலாம், பதிந்ததை ஒரு நொடியில் உலகெங்கும் அனுப்பலாம். ஜி. ராமநாதனுக்கோ, கௌஹர் ஜானுக்கோ கிட்டாத வசதி இது. நம்மிடம் குறைந்து வருபவர் ஓதுவோரே. கிஸ்ஸாவை நினைவிலிருந்து ஓதக்கூடியவர்கள் ஊருக்கு ஒருவர் இருவராக, முதுமையில் இருக்கின்றனர். அவர்களோடு இராகமும் போகும். எந்த இடத்தில் பாட்டை நிறுத்திக் கதைக்குத் திரும்ப வேண்டும் என்னும் அறிவும் போகும். நூல் மட்டும் நூலகத்தில் இருக்கும். ஓதும் முறையை அது நமக்குச் சொல்லாது.

ஆகவே வாசக அன்பர்களுக்கு நாம் வைக்கும் வேண்டுகோள் எளியது. தங்கள் வீட்டிலோ, அண்டை வீட்டிலோ ஓதத் தெரிந்த மூத்தோர் இருப்பின், அவர்கள் அருகே அமருங்கள். பாட்டை மட்டும் கேளாதீர்கள். அவர்கள் நிறுத்தும்போது நீங்களும் பொறுத்திருங்கள். பேச்சையும், இடையே வரும் பெருமூச்சையும், கேட்போரின் 'உம்'மையும் சேர்த்துப் பதியுங்கள். பதிந்தவரின் பெயர், ஊர், நாள் ஆகியவற்றையும் குறித்து வையுங்கள். நாளை அதனை ஒரு வானொலி நாடகமாகவோ, குழந்தைகளுக்கான ஒலிநூலாகவோ ஆக்கக் கூடிய இசைவாணர் ஒருவர் நம்மிடையே தோன்றலாம். அவர் தோன்றும்போது அவருக்குக் கொடுக்க நம்மிடம் கதை இருக்க வேண்டும்.

ஃபேர்லேண்ட்ஸ் இல்லத்துப் பிள்ளைகள் அன்று மாலை மீண்டும் தொடங்கினர். இம்முறை எவரும் இடைமறிக்கவில்லை. யூசுப் நபியைச் சகோதரர்கள் கிணற்றில் தள்ளும் இடத்தில் அம்மையார் பாட்டை நிறுத்தினார். கைப்பேசி ஓடிக்கொண்டிருந்தது. சற்று நேரம் பேசாதிருந்தார். பின்பு, "இப்ப கேளுங்க" என்று சொல்லிக் கதையைத் தொடர்ந்தார்.